வாடகை கட்ட வழியில்லாத மாதம்: ரொறன்ரோவில் முதலில் எங்கே கேட்பது?

வேலைத்தலத்தில் மணித்தியாலம் குறைந்தாலோ, லே-ஓஃப் வந்தாலோ, முதலில் இடிப்பது வாடகைதான். சாப்பாட்டைச் சுருக்கலாம், போன் பில்லை ஒரு மாதம் தள்ளலாம். வாடகை ஒவ்வொரு முதலாம் திகதியும் வந்து நிற்கும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவார்கள். இல்லாவிட்டால் நடுவில் நிற்கிற சீட்டைப் பெரிய கழிவு கேட்டு எடுப்பார்கள். இரண்டும் சரிவராவிட்டால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் எழும்பிச் சொந்தக்காரர் வீட்டு நிலவறைக்குப் போய்விடுவார்கள். இவற்றைவிட நல்ல வழிகள் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. சில வழிகள் வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கும்வரைதான் திறந்திருக்கும்.

காசு தேடப் போகுமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கிற வீட்டைக் காப்பாற்றுவதா, விட்டுவிட்டு வேறு பார்ப்பதா?

நான் பெரும்பாலும் காப்பாற்றும் பக்கம்தான் நிற்பேன். காரணம் ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம். நீங்கள் ஒரு வீட்டில் இருக்கும்வரை வீட்டுக்காரர் வருடத்துக்கு இவ்வளவுதான் கூட்டலாம் என்று மாகாணம் ஒரு வீதம் அறிவிக்கிறது. 2025இல் அது 2.5%, 2026இல் 2.1%. நீங்கள் எழும்பிய அடுத்த நாள் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். வருகிற ஆளிடம் அவர் எவ்வளவும் கேட்கலாம். ஆகவே பல வருடமாக ஒரே வீட்டில் இருப்பவரின் பழைய வாடகை ஒரு சொத்துத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,500 டொலர் வாடகை, இரண்டு மாதம் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். கடன் 3,000. அதற்குப் பயந்து எழும்பி 2,000 டொலருக்கு வேறு வீடு எடுத்தால் முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து 4,000 உடனே வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 500 கூட, வருடத்துக்கு 6,000. விட்டு வந்த வீட்டின் 3,000 நிலுவையும் உங்கள் தலையில்தான் இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. 2018 நவம்பர் 15ஆம் திகதிக்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு அந்த வீதக் கட்டுப்பாடு கிடையாது. புதுக் கொண்டோக்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, முழுநேர வேலை இருந்த மாதங்களிலேயே சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்குப் போனது என்றால், நிலுவையைக் கட்டுவது ஆபத்தை மூன்று மாதம் தள்ளிப்போடுவதாகத்தான் முடியும். அங்கே கிடைக்கிற உதவியை மலிவான இடத்துக்கு மாறுவதற்குப் பயன்படுத்துவதே மேல். கீழே சொல்லப்போகும் உதவிகள் சில, புது வீட்டின் முற்பணத்துக்கும் கிடைக்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

ரென்ட் பாங்க், வெல்பெயர்: யாருக்கு எது

ரொறன்ரோ நகரத்தின் ரென்ட் பாங்க்தான் முதலில் பார்க்க வேண்டியது. பெயரில் பாங்க் இருக்கிறபடியால் கடன் என்று நினைக்கிறார்கள். முந்தி அது வட்டியில்லாக் கடனாகத்தான் இருந்தது. கோவிட் காலத்துக்குப் பிறகு மானியமாக மாறிவிட்டது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. குறைந்த வருமானத்தோடு இருந்து வாடகை பாக்கி விழுந்தவர்களுக்கும், புது வீட்டுக்கு முற்பணம் கட்ட முடியாதவர்களுக்கும் உரியது. காசு உங்கள் கைக்கு வராது, வீட்டுக்காரருக்கு நேரே போகும். அவசரத்துக்கு இது ஓர் அளவுக்குத்தான் உதவும். விண்ணப்பம், தாள்கள், விசாரிப்பு என்று நாள் பிடிக்கும். ஆகவே ஒரு மாத வாடகை தவறப்போகிறது என்று தெரிந்தவுடனே கேட்க வேண்டும். நாலு மாதம் ஏறவிட்டுப் போனால் தொகை அவர்களின் உச்ச வரம்பைத் தாண்டிவிடும். பிறகு மிச்சத்தை எங்கே எடுப்பது என்ற கேள்வி வரும்.

ஒன்ராறியோ வேர்க்ஸ், அதாவது எங்கள் ஆட்கள் வெல்பெயர் என்று சொல்வது, அல்லது இயலாமை உள்ளவர்களுக்கான உதவித்தொகையான ஓடிஎஸ்பி எடுப்பவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கென்று நகரத்தில் ‘ஹவுசிங் ஸ்டெபிலைசேஷன் ஃபண்ட்’ என்ற நிதி இருக்கிறது. வாடகை நிலுவை, முற்பணம், வீடு மாறும் செலவு போன்றவற்றுக்கு அதில் கேட்கலாம். கேட்க வேண்டிய ஆள் உங்கள் கேஸ் வேர்க்கர். பலர் தங்கள் கேஸ் வேர்க்கரிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. அவராகச் சொல்லும்வரை காத்திராமல் நிதியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வெல்பெயரோ ஓடிஎஸ்பியோ எடுக்காமல், வருமானமே நின்றுபோனவர் வெல்பெயருக்கு விண்ணப்பிப்பதா என்று யோசிக்க வேண்டும். இதில் ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். தனி ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கென்று ஒதுக்கியது 390. 2018க்குப் பிறகு இந்தத் தொகை கூடவில்லை. 390க்கு இந்த நகரத்தில் ஓர் அறைகூடக் கிடைக்காது. ஆகவே வெல்பெயர் வாடகையைத் தீர்க்காது. ஆனால் அதற்குள் போனால் மேலே சொன்ன நிதியைக் கேட்க வழி திறக்கும், மருந்துச் செலவு குறையும். வீட்டை விட்டு எழுப்பப்படுகிற நிலையில் இருப்பவர், வன்முறைக்குத் தப்பி வந்தவர் போன்றோருக்கு ‘எமர்ஜென்சி அசிஸ்டன்ஸ்’ என்று விரைவான உதவி ஒன்றும் அதே திட்டத்தில் உண்டு. அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களும் வெல்பெயருக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் நிற்பவர்களுக்குக் கிடையாது.

எங்கள் சமூகத்தில் வெல்பெயர் என்றதும் ஸ்பொன்சர் பற்றிய பயம் வரும். அந்தப் பயத்தில் பாதி சரி. வெல்பெயர் எடுக்கிற காலத்தில் நீங்கள் வெளிநாட்டில் இருக்கிற குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ண முடியாது; இயலாமைக்காக எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் ஸ்பொன்சர் பண்ணி அழைத்த அம்மா அப்பா இங்கே வெல்பெயர் எடுத்தால், அந்தக் காசு உங்கள் கணக்கில் கடனாக விழும். பெற்றோருக்கான உறுதிமொழி 20 வருடம். அதனால் மனைவிக்கோ கணவனுக்கோ விண்ணப்பம் போட்டிருப்பவர், அல்லது போடப்போகிறவர், முதலில் ரென்ட் பாங்க் பக்கம் பார்த்துவிட்டு, குடிவரவு தெரிந்த சட்ட உதவியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வெல்பெயர் பக்கம் போகட்டும். நிறுத்தினால் தடையும் நீங்கும். வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் கறை என்று சிலர் சொல்வது உண்மையல்ல.

வட்டி, சீட்டு, ‘பே-டே’ கடை

அவசரம் என்றால் பிளாசாவில் இருக்கிற ‘பே-டே’ கடன் கடை உடனே காசு தரும். 2025 ஜனவரியிலிருந்து 100 டொலருக்கு 14 டொலர்தான் உச்சக் கட்டணம். கேட்கச் சின்னதாக இருக்கும். 1,000 டொலர் எடுத்தால் அடுத்த சம்பளத்தில் 1,140 கட்ட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அதையே திருப்பித் திருப்பி எடுத்தால் வருடத்துக்கு 364% வருகிறது. வாடகைக்கே காணாமல் எடுத்தவர் அடுத்த சம்பளத்தில் 1,140ஐக் கட்டிவிட்டு அந்த மாத வாடகையை எதில் கட்டுவார்?

சீட்டு அதைவிட நல்லது, அது உங்கள் சொந்தச் சேமிப்பு. ஆனாலும் கழிவு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ரென்ட் பாங்கின் பதில் வருமுன் கழிவைப் பெரிதாகக் கேட்டு எடுத்தவர், இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய காசுக்கு விலை கொடுத்தவர். சொந்தக்காரரிடம் வட்டியில்லாமல் கைமாற்றுக் கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். எழுத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கதவிடுக்கில் வருகிற என்4 தாள்

எங்கள் ஆட்கள் அநியாயமாக வீட்டை இழப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாடகை தவறினால் வீட்டுக்காரர் என்4 என்ற தாளைத் தருவார். அதில் ஒரு திகதி போட்டிருக்கும். பார்த்ததும் அன்றைக்கு வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று நினைத்துப் பெட்டி கட்டுகிறார்கள். அந்தத் தாள் அறிவித்தல் மட்டுமே. அந்தத் திகதிக்குள் நிலுவையைக் கட்டினால் அது செல்லாது. கட்டாவிட்டால் வீட்டுக்காரர் எல்டிபி என்கிற வாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்குத் திகதி வரும், பெரும்பாலும் வீடியோவில்தான். உங்கள் நிலைமை, பிள்ளைகள், வேலை, கட்டக்கூடிய திட்டம் எல்லாம் பார்த்து எழுப்புவதை மறுக்கவோ தள்ளிப்போடவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. எழுப்பும் கட்டளை வந்த பிறகும், நிலுவையையும் வீட்டுக்காரரின் விண்ணப்பக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டி அதை நிறுத்த ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. கடைசியில் வீட்டைப் பூட்ட வரக்கூடியவர் ஷெரிப் மட்டும்தான். வீட்டுக்காரரே பூட்டை மாற்றினால், சாமானை வெளியில் போட்டால், அது குற்றம்.

இந்த நடைமுறைக்குள் போகிற நாட்கள்தான் ரென்ட் பாங்குக்கும் மற்ற நிதிகளுக்கும் தேவையான நாட்கள். அதனால்தான் எழும்பி ஓட வேண்டாம் என்று சொல்கிறேன். விசாரணை நாளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ‘டூட்டி கவுன்சில்’ என்ற சட்டத்தரணிகள் இருப்பார்கள். அதற்கு முன்பே சமூக சட்ட உதவி நிலையத்தில் கேட்பது இன்னும் நல்லது. தென்னாசியர்களுக்கான சட்ட உதவி நிலையமான சால்கோவில் தமிழிலும் கதைக்கலாம்.

விசாரணைக்கு முன் வீட்டுக்காரர் “சரி, மாதம் மாதம் கொஞ்சமாகக் கட்டுங்கோ” என்று ஓர் உடன்படிக்கையை நீட்டலாம். நல்ல விஷயம், ஆனால் வாசியுங்கள். தீர்ப்பாயத்தில் பதிகிற உடன்படிக்கைகளில் ஒரு தவணை தவறினாலும் விசாரணை இல்லாமலே எழுப்பும் கட்டளை கேட்கலாம் என்ற வாசகம் இருக்கக்கூடும். 2020இல் வந்த மாற்றம் அதற்கு இடம் கொடுத்தது. மாதம் 200தான் கட்ட முடியும் என்றால் 200க்கே ஒத்துக்கொள்ளுங்கள். மரியாதைக்காக 500 என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதம் தவறுவது வீட்டையே கொண்டுபோய்விடும். என்11 என்று ஒரு தாளும் வரும். அது நீங்களாக விரும்பி எழும்புவதாகக் கையெழுத்து வைப்பது. அதற்கு அவசரப்படவே கூடாது. எழும்பக் காசு தருவதாகச் சொன்னாலும், மேலே போட்ட கணக்கை இன்னொருதரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இந்தப் பாதுகாப்பு எல்லா நிலவறைக்கும் உண்டா என்று கேட்பார்கள். நகரத்தின் அனுமதி இல்லாத நிலவறைக்கும் உண்டு. எழுதாத, வாய்ப் பேச்சு வாடகைக்கும் உண்டு. இல்லாமல் போகிற இடம் ஒன்றுதான் முக்கியம். அதே வீட்டில் இருக்கிற வீட்டுக்காரரோடு, அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு, குசினியையோ குளியலறையையோ நீங்கள் பகிர வேண்டியிருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. மேலே வீட்டுக்காரருக்குத் தனிக் குசினி, கீழே நாலு மாணவர்களுக்குப் பொதுவாக ஒரு குசினி என்றால் சட்டம் பொருந்தும். மேல் மாடியில் ஓர் அறை எடுத்து வீட்டுக்கார அன்ரியின் குசினியில் சமைக்கிற மாணவருக்குப் பொருந்தாது. அவருக்கு என்4உம் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. ரென்ட் பாங்க் போன்ற உதவிக்கும் அது தடையாகலாம். அவர் இருக்கிற நல்லுறவை வைத்துப் பேசித் தவணை கேட்பதும், வேறு இடம் பார்ப்பதும்தான் வழி.

ஹவுசிங் பட்டியல்

“ஹவுசிங்குக்குப் போட்டிருக்கிறம்” என்று பலர் சொல்வது வருமானத்தில் ஏறத்தாழ 30% மட்டும் வாடகையாகக் கட்டுகிற வீடு. நகரத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பு பல வருடம். ஒரு படுக்கையறைக்குப் பத்து வருடத்துக்கு மேலும் போகும். இந்த மாத வாடகைக்கு இது மருந்தாகாது. ஆனாலும் இன்றைக்கே போட்டு வையுங்கள், முகவரி மாறினால் மாற்றுங்கள், வருடா வருடம் புதுப்பியுங்கள். புதுப்பிக்காமல் விட்டுப் பெயர் வெட்டுப்பட்டவர்களின் கதைதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. 2020இல் தொடங்கிய கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை இன்னொன்று: எந்த வீட்டுக்கும் எடுத்துப்போகலாம், மாதாமாதம் வரும். நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, நகரம் அழைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஹவுசிங் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எட்டு வருடம் காத்திருந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. நிற்க இடமில்லாதவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, எடுக்க வேண்டியதுதான்.

வெளியில் வந்துவிட்டால்

ஷெல்டருக்கு நகரத்தின் மத்திய பதிவிடம் ஒன்று இருக்கிறது. 311க்கு அடித்தால் இணைப்பார்கள், 24 மணி நேரமும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. ஸ்காபரோவில் கிங்ஸ்டன் வீதியில் இருக்கிற ஃபமிலி ரெசிடென்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் ஷெல்டரை ஒரு திட்டமாக நினைத்து வீட்டை விடக் கூடாது. அடித்தவுடன் கட்டில் கிடைக்கும் என்று இல்லை. 2023 கோடையில் பீட்டர் வீதியில் இருக்கிற பதிவிடத்துக்கு வெளியே அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் படுத்திருந்ததை நகரமே பார்த்தது. கிடைத்தாலும் பிள்ளையின் பள்ளிக்கூடம், உங்கள் வேலை எல்லாம் இருக்கிற பகுதியில் கிடைக்காமல் போகலாம். புதிதாக வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் எஃப்சிஜே அகதிகள் மையம், சோஜர்ன் ஹவுஸ், ரொமேரோ ஹவுஸ் போன்ற இடங்களிலும் கேட்க வேண்டும். அங்கே தங்குமிடத்தோடு வழக்குக்கும் வழி சொல்வார்கள்.

வீட்டில் அடி உதைக்குத் தப்பி வருகிற பெண்களுக்கு மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. அவர்கள் வீட்டைக் காப்பாற்ற நிற்க வேண்டாம். பெண்களுக்கான ஷெல்டர்கள் தனியானவை, முகவரி வெளியில் சொல்லப்படுவதில்லை. ‘அஸோல்டட் விமன்ஸ் ஹெல்ப்லைன்’ என்ற தொலைபேசிச் சேவை தமிழிலும் உதவும். ஹவுசிங் பட்டியலில் இவர்களுக்கு விசேட முன்னுரிமை இருக்கிறது. ஆனால் வீட்டை விட்டு வெளியேறினால் மூன்று மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு கெடு உண்டு. குடும்பத்தவர்கள் “கொஞ்சம் பொறு, சமாதானமாகப் பேசித் தீர்ப்பம்” என்று சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதமும் போய்விடுகிறது. பேச்சு நடக்கட்டும், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு நடக்கட்டும்.

எல்லையும் தாளும்

ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கம். அது யோர்க் பிராந்தியம், ரொறன்ரோவின் ரென்ட் பாங்க் அங்கே செல்லாது. ஏஜக்ஸ், பிக்கரிங் ஆட்களுக்கு டூரம், பிராம்ப்டன் ஆட்களுக்குப் பீல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம், தனித்தனி நிபந்தனை. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் 211க்கு அடித்து உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள். “தமிழ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

எங்கே போனாலும் வாடகை கட்டியதற்கு அத்தாட்சி கேட்பார்கள். நிலவறை வாடகையைக் காசாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் இருப்பவர்கள் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். “வரி கட்ட வரும், தர ஏலாது” என்று சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து இ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். வருமானம் குறைவென்றாலும் வருடாந்த வரிக் கணக்கைக் காட்டி வையுங்கள்; உதவித் திட்டங்கள் பல அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.